‘கம்யூனிட்டி கேர்’ – மாணவருக்குப் புரிகிற சொல் வேண்டும் (திங்களுக்குள்)

க. (வெள்ளி இரவு)
நண்பர்களே, சமூகப்பணி முதுகலைப் பாடநூலில் ஓர் அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1948க்குப் பிறகு உள்ளாட்சி மன்றங்கள் மனநோயாளிகளைக் கவனித்த கதை. திங்களன்று கொடுத்தாக வேண்டும். ‘கம்யூனிட்டி கேர்’ (நோயாளியை மருத்துவமனையில் வைக்காமல் வெளியே வைத்துக் கவனிப்பது) பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது. ‘சமூகப் பராமரிப்பு’ என்று எழுதினேன். படித்த மாணவி, “எந்தச் சமூகம் சார், சாதிச் சங்கமா?” என்றாள். நம் செய்தித்தாள் தமிழுக்கு அவள் கேட்டது தப்பே இல்லை.

செ. (வெள்ளி இரவு)
சமூகமும் வடசொல், பராமரிப்பும் வடசொல். ‘குமுகப் பேணல்’ என்க. கும் என்னும் வேர் கூடுதற்பொருளது: குமி, குவி, கும்பல், குப்பம். கூம்பும் இதன் வழித்தே என்பது என் துணிபு. விரிவாக நாளை.

ம. (சனி காலை)
ஐயா, குப்பம் போய்ச் சேருமுன் ஒரு நிமிடம். பேணியது யார் என்று பார்ப்போம். 1948 ஜூலை 5 அன்று தேசிய நலவாழ்வுச் சேவை வந்தது. அதுவரை மன்றங்கள் நடத்திய மனநல மருத்துவமனைகள் வட்டார மருத்துவமனை வாரியங்களின் கைக்குப் போயின. மன்றங்களிடம் மிஞ்சியது, ஆளைச் சட்டப்படி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் வேலை. திரும்பி வந்தவரைக் கவனிப்பது அந்தச் சேவையை அமைத்த 1946 சட்டத்தின் 28ஆம் பிரிவில் ஏறக்குறைய ‘செய்யலாம்’ என்ற அளவில்தான். ஏழைகளுக்கு உதவி வழங்கிய பழைய ஏழைச் சட்டக் காலத்து நிவாரண அலுவலரே பெயர் மாறி, ஆளை மூன்று நாள் மருத்துவமனையில் வைக்கும் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். 1959 மனநலச் சட்டம் அவரை மனநல அலுவலர் ஆக்கியது. ஆகவே ‘உள்ளாட்சிப் பேணல்’.

இ. (லண்டன், சனி)
தம்பி, நான் எழுபதுகளில இங்க ஒரு மனநோய் வைத்தியசாலையில தாதியா இருந்தனான். வோர்டில ‘கம்யூனிட்டி’ எண்டால் ஒரே அர்த்தம்தான்: கேற்றுக்கு வெளியில. ஆர் பாக்கினம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. தாய் பாப்பா, இல்லாட்டி மனிசி பாப்பா. ‘உள்ளாட்சி’ எண்டு சொன்னால் அந்தத் தாய்மார் சிரிப்பினம்.

ந. (சனி மாலை)
அம்மையார் சொன்ன ‘வெளியில’ ஒன்றே போதும். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ – புறநானூறு 312. புறந்தரல் என்றால் பேணிக் காத்தல். தாய் இருக்கிறாள், வெளியும் ஒலிக்கிறது. அரசு வேண்டுமா? ‘குடிபுறங் காத்தோம்பி’ என்று வள்ளுவர் வேந்தனையும் கூட்டி வருகிறார். புறந்தரல்! இதற்கு மேல் என்ன வேண்டும்?

ம. (சனி இரவு)
காது வேண்டும், ஐயா. இன்றைய மாணவனுக்கு அது ‘புறந்தள்ளல்’ என்றுதான் கேட்கும். வரலாற்றுக்கு அதுவும் பொருந்தித் தொலைக்கிறது. 1961 மார்ச்சில் சுகாதார அமைச்சர் இனாக் பவல், தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும் புகைபோக்கியுமாக நிற்கும் பழைய மருத்துவமனைகளைச் சாடி, பதினைந்து ஆண்டுகளில் 75,000 படுக்கைகள் தேவைப்படாமல் போகும் என்றார். அதே ஆண்டு சமூகக் கொள்கைப் பேராசிரியர் ரிச்சர்ட் டிட்மஸ், ‘கம்யூனிட்டி கேர்’ என்ற தொடரையே நக்கலடித்தார்: குடிசைத் தோட்டத்துப் பூப்போல இதமாக இருக்கிறது, காசும் ஆளும் எங்கே? ஆங்கிலச் சொல்லே மூடி மறைக்கிற சொல். நாம் அந்த மூடியையும் சேர்த்து மொழிபெயர்க்கிறோமா, திறந்து காட்டுகிறோமா? எனக்கு இன்னும் தெளிவில்லை.

செ. (ஞாயிறு காலை)
புறம் என்பதற்கு முதுகு என்றும் பொருள். புறங்கூறல், புறங்கொடுத்தல். அதனாலும் குமுகமே சிறப்பு. கும் வேர் பற்றிய நான்கு பக்கக் கட்டுரையை இணைத்துள்ளேன்.

இ. (லண்டன், ஞாயிறு)
நாலு பக்கமும் வாசிச்சன். கூம்பு நல்லா இருக்கு. நோயாளியைக் காணேல்ல.

க. (ஞாயிறு இரவு 11 மணி)
குமுகம் ஒரு வாக்கு, புறந்தரல் ஒன்று, உள்ளாட்சி அரை. மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள். ‘சமூகப் பராமரிப்பு’ என்றே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘மருத்துவமனைக்கு வெளியே, பெரும்பாலும் குடும்பத்தின் கையில்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். சாதிச் சங்கக் கேள்வியை வகுப்பில் சமாளித்துக்கொள்கிறேன்.

ந. (திங்கள் காலை 5:10)
என் மறுப்பைப் பதிவு செய்க. ‘மருத்துவமனைக்கு வெளியே’ என்றால் புறம்தானே ஐயா?