மடிந்த இமைக்கு ஐலைனர்: ஆவணியில் கல்யாணம், யாராவது சொல்லுங்களேன்

கும்பகோணத்திலிருந்து:
என் மேலிமைத் தோல் மடிந்து கீழே இறங்கியிருக்கும். கண்ணை மூடி ஐலைனர் போட்டால் அழகாக இருக்கிறது, திறந்தால் கோட்டையே காணோம். கொஞ்ச நேரத்தில் மடிப்பில் கறுப்பாக அச்சு வேறு விழுகிறது. விடியற்காலை முகூர்த்தம், ஓமப்புகையும் உண்டு. பரதநாட்டியத்துக்குப் போடுவதுபோல் பட்டையாக இழுத்துவிடலாம் என்கிறார் பார்லர் அக்கா. சரி வருமா?

மயிலாடுதுறையிலிருந்து:
வேண்டாம்மா. நான் கல்யாணம், நாட்டியம் இரண்டுக்கும் மேக்கப் போடுகிறவள். சிவராத்திரி நாட்டியாஞ்சலிக்கு ஆடும் பிள்ளைகளுக்குக் கோடு தடிமனாகத்தான் இருக்க வேண்டும், கடைசி வரிசைக்கும் கண் போகிற திசை தெரியணும். உன் எதிரே நிற்கப்போவது கேமரா. பட்டைக் கோடு உன் இமையில் இருக்கிற கொஞ்ச இடத்தையும் விழுங்கிவிடும்.

கண்ணாடியை முகத்துக்கு நேராக வைத்துக்கொள். தாடையைத் தூக்காதே, புருவத்தையும் உயர்த்தாதே. கண்ணைத் திறந்தபடியே, மடிப்புக்கு ஒரு நூல் மேலே மினுக்காத (மேட்) பழுப்பு ஐஷேடோவை வைத்துத் தேய். மடிப்புக்குள் வைத்தால் யாருக்கும் தெரியாது. அந்த மடிப்பின்மேல் மினுமினுக்கும் ஷிம்மர் போட்டால் வீங்கினாற்போல் காட்டும், போடாதே. லைனர் இமைமுடி வேரை ஒட்டி மெல்லிசாகப் போதும். கண்ணின் வெளி ஓரத்தில் நீளும் வாலையும் கண் திறந்தே வரைய வேண்டும், தோலை இழுத்துப் பிடித்து வரைந்தால் கையை விட்டதும் கோணிக்கொள்ளும்.

அச்சு விழுவது இமையில் இருக்கும் எண்ணெய்ப் பசையால். துடைத்து, மேக்கப் பிடித்து நிற்க அடியில் பூசும் ப்ரைமர் போட்டு, மெல்லிசாகப் பவுடர் ஒற்று. வாட்டர்ப்ரூஃப் லைனர் காயும்வரை கீழேயே பார்த்துக்கொண்டிரு. மஸ்காராவில் டியூபிங் வகை கேட்டு வாங்கு, ஒவ்வொரு இமைமுடியையும் குழாய்போல் மூடிக்கொள்ளும்; வியர்வைக்கு அப்பாது, வெதுவெதுப்பான நீரில் உரிந்து வந்துவிடும். கீழ்க்கண்ணில் மை வேண்டாம். புகையில் கண் கலங்கினால் முதலில் ஓடுவது அதுதான்.

திருவாரூரிலிருந்து:
அக்கா, எனக்கு இரண்டு கண்ணும் நெருக்கமாக இருக்கும். அதற்கு?

மயிலாடுதுறையிலிருந்து:
நடுவில் இன்னொரு கண் அகலத்துக்கு இடம் இருந்தால் சரியான இடைவெளி. அதைவிடக் குறைவென்றால் மூக்குப் பக்க மூலையில் கறுப்பே வேண்டாம், வெளிர் நிறம் ஒரு பொட்டு வை. கோட்டைக் கண்ணின் பாதியில் ஆரம்பித்து வெளிப்பக்கம் தடிக்க விடு. தள்ளித்தள்ளி இருக்கும் கண்ணுக்கு இதையே திருப்பிப் போட வேண்டும்.

மன்னார்குடியிலிருந்து:
எங்கள் ஆயா கரிசலாங்கண்ணிச் சாற்றில் திரியை நனைத்துக் காயவைத்து, விளக்கெண்ணெயில் எரித்து மை கூட்டுவார். கண் நிறைந்து தெரியும். கடை மையெல்லாம் அதற்கு ஈடாகாது.

மயிலாடுதுறையிலிருந்து:
கறுப்பு அருமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணெய் விட்டுக் குழைத்த மை இறுகவே இறுகாது, ஆவணிப் புழுக்கத்தில் கன்னத்துக்கு வந்துவிடும். கண்ணுக்குத் தீட்டும் சுர்மாப் பொடியில் பெயர் தெரியாத பொட்டலம் பக்கம் மட்டும் போகாதீர்கள், சிலவற்றில் ஈயம் இருக்கும்.

கும்பகோணத்திலிருந்து:
கண் திறந்து வரைந்து பார்த்தேன் அக்கா, கோடு தெரிகிறது! இடது வால்தான் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது.

மயிலாடுதுறையிலிருந்து:
அழித்துத் திரும்ப வரையாதே. பட்ஸில் மேக்கப் துடைக்கும் மைசெல்லார் வாட்டர் துளி தொட்டுக் கீழிருந்து சீவிவிடு. மேடையில் கண் கலங்கினால் துடைக்காமல் டிஷ்யூ நுனியால் ஒற்று. ஒன்றைத் தோழி கையில் கொடுத்து வை.