மலைத்தோட்டத்தில் சாமியைக் கூப்பிடும்போது: மூணாறு, பீருமேடு, பாலக்காட்டுப் பக்கத்து அனுபவங்கள்

தேவிகுளம் உபதேசியார் (குருவுக்கு உதவியாக ஜெபமும் மறைக்கல்வியும் நடத்துபவர்)

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கத்தோலிக்கர் ஒருவர் படுத்த படுக்கையானால் சாமிக்கு (குருவுக்கு) உடனே சொல்லிவிட வேண்டும். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு அல்ல. "சாமி வந்துட்டா ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று பெரியவர்கள் பயப்படுவதால், நம் டிவிஷன்களில் (எஸ்டேட்டின் பிரிவுகளில்) பலர் நினைவு தப்பிய பிறகே நோயில்பூசுதல் (நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு) பெறுகிறார்கள். அதற்குள் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யவும் முடியாமல், நன்மை (நற்கருணை, அதாவது பூசை எனும் திருப்பலியில் அர்ச்சித்த அப்பம்) வாங்கவும் முடியாமல் போய்விடுகிறது. நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 1004 சொல்கிறது. குணமாகி மறுபடி சீரியஸ் ஆனால் மறுபடியும் பெறலாம்.

போனில் எஸ்டேட், டிவிஷன், லைன் நம்பர், ஜீப் எதுவரை வரும் என்பதை எல்லாரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய்ச் சிமிழ் மட்டும் போதுமா, நற்கருணையும் எடுக்க வேண்டுமா என்று சாமி முடிவு செய்வது அதை வைத்துத்தான். மலையில் பாதி வழி வந்தபின் திரும்பிப் போய் எடுத்துவர முடியாது.

வீட்டில் ஒரு ஸ்டூல், அதன் மேல் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு அறையுண்ட சிலுவை), மெழுகுவத்தி, டம்ளரில் தண்ணீர், ஒரு ஸ்பூன் இருந்தால் போதும். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு அப்பத்தில் சிறு துண்டு கிள்ளி, ஒரு ஸ்பூன் தண்ணீரோடு கொடுப்பார்கள். அதுவும் முடியாதவருக்கு அர்ச்சித்த திராட்சை இரசம் மட்டும் கொடுக்கலாம்.

சாமி வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டதோ என்ற சந்தேகம் வந்தால் அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சந்தேகம் இருக்கும்வரை பூசலாம் (சட்டம் 1005). இறந்தது நிச்சயமானால் பூசுதல் கிடையாது, இறந்தவருக்கான ஜெபம் மட்டுமே. உபதேசியார் ஜெபம் சொல்லலாம், ஆனால் எண்ணெய் பூசுவது குருவால் மட்டும்தான் ஆகும். "நீங்களே பூசிவிடுங்களேன்" என்று கெஞ்சுகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பீருமேடு, ஆஸ்பத்திரி நர்ஸ்

தேவிகுளத்து அண்ணன் சொன்னதோடு எண்ணெய் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புனித வாரத்தில் (ஈஸ்டருக்கு முந்தின வாரம்) ஆயர் (மறைமாவட்டத் தலைவர்) மந்திரித்து, அதாவது ஜெபித்து ஆசீர்வதித்து, கொடுக்கும் நோயாளர் எண்ணெய் பெரும்பாலும் ஒலிவ எண்ணெய். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்தச் சடங்கைத் திருத்தியபோது வேறு தாவர எண்ணெயும் ஆகும் என்றார். கண், காது, மூக்கு என்று பூசியதை நெற்றி, கை என்று சுருக்கியதும் அப்போதுதான். ஆகவே அவசரத்தில் கையில் எண்ணெய் இல்லாவிட்டால், வீட்டுத் தேங்காயெண்ணெயையே குரு அந்தச் சடங்குக்குள் மந்திரித்துப் பூசலாம் (சட்டம் 999). வார்டில் கிடைக்கிற பேபி ஆயிலை மட்டும் நீட்டிவிடாதீர்கள். அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுத்தது, தாவர எண்ணெய் அல்ல, அதனால் செல்லாது.

மலைக்குளிரில் இன்னொரு சிக்கல். 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். மார்கழியில் தேங்காயெண்ணெய் இருக்கும் சிமிழைத் திறந்தால் மெழுகு மாதிரி வெள்ளையாக இருக்கும். மூடியபடியே உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்தால் இளகிவிடும், அடுப்பில் காட்ட வேண்டாம். சிமிழுக்குள் பஞ்சு வைத்து அதில் எண்ணெயை ஊறவிட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. தளும்பத் தளும்ப ஊற்றினால் ஜீப் குலுக்கலில் திருகுமூடி வழியாகக் கசிந்து பையெல்லாம் பாழாகும். பூசியபின் விரல் துடைத்த பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போடாமல் தனியாக எரிப்பது வழக்கம்.

ஐசியூவிலும் ஆக்சிஜன் ஓடுகிற கட்டிலருகிலும் மெழுகுவத்தி கூடவே கூடாது. மெழுகுவத்தி இல்லாததால் சடங்கு குறைபட்டுப் போகாது.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஸ்கிரீனை இழுத்துவிட்டு, பைஸ்டாண்டரை (கூட இருக்கும் ஆளை) வெளியே நிறுத்துங்கள். பேச முடியாதவர் தலையசைத்தாலோ கையை அழுத்தினாலோ போதும். சாப்ளின் (ஆஸ்பத்திரிக் குரு) மலையாளி, படுத்திருப்பவர் தமிழ் மட்டும் தெரிந்த தோட்டத்துப் பாட்டி என்றால், அவர் விரும்பினால் ஒருவரை மொழிபெயர்க்க வைக்கலாம் (சட்டம் 990). கேட்டதை வெளியே விடக்கூடாது என்ற கடமை மொழிபெயர்த்தவருக்கும் உண்டு. அதனால் மகனையோ மருமகளையோ நீங்களாகவே நிறுத்தாதீர்கள். யார் வேண்டும் என்று பாட்டியிடமே கேளுங்கள்.

பிறந்த குழந்தை பிழைக்காது என்றால் சாமிக்காகக் காத்திருக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கலாம். தண்ணீர் தலையில் ஓட வேண்டும், ஈரப் பஞ்சால் ஒற்றினால் போதாது. இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஊசி கழற்றிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர் எடுத்து மெல்ல விடலாம். விட்டுக்கொண்டே பெயர் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உனக்கு நான் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்க வேண்டும். "நாங்கள்" என்று சொன்னால் செல்லாது என்று 2020-இல் ரோம் தெளிவாக்கிவிட்டது. நேரம், பெயர், கொடுத்தவர், சாட்சி எல்லாவற்றையும் எழுதி அன்றைக்கே பங்குத்தந்தையிடம் சேர்த்துவிடுங்கள். குழந்தை பிழைத்தால் மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், விட்டுப்போன சடங்குகளைக் கோயிலில் நிறைவு செய்வார்கள்.

குண்டளை, கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்)

1898-இல் ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைக் குரு அல்போன்ஸ் மூணாறில் மிஷனைத் தொடங்கினார். 2024-இல் பசிலிக்காவான (திருத்தந்தை தரும் சிறப்புத் தகுதி பெற்ற) கார்மேல் மாதா கோயில் அதிலிருந்து வந்ததுதான். விஜயபுரம் மறைமாவட்டம் 1930-இல் உண்டானது. இத்தனை காலத்துக்குப் பிறகும், டிவிஷன் சிற்றாலயங்களில் பூசை நடப்பது சாமி கொண்டுவரும் பூசைப் பொருள் பெட்டியை நம்பித்தான்.

பெட்டியில் மழைக்காலத்தில் முதலில் கெடுவது அப்பம். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே சேர்ந்தது என்பதால் ஈரம் பட்டவுடன் தளர்ந்து வளையும், பிட்டால் உடையாது, பிறகு பூஞ்சை பிடிக்கும். இறுக்கமான டப்பாவில் அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வைக்க வேண்டும். மிச்ச இரசத்தைப் பாதிப் புட்டியில் வைத்தால் புளித்துக் காடியாகும். காடியாகிவிட்டால் பூசைக்கு ஆகாது. சின்னப் புட்டிகளே நல்லது.

"எங்கள் சிற்றாலயத்தில் நற்கருணைப் பேழை (நற்கருணையை வைத்துப் பாதுகாக்கும் பெட்டி) ஏன் இல்லை" என்று பலரும் வருத்தப்படுகிறார்கள். பேழை வைத்தால் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், இயன்றவரை மாதம் இரண்டு பூசையாவது நடக்க வேண்டும் (சட்டம் 934). நம் மலையில் பல இடங்களில் அது நடப்பதில்லை. அதனால்தான் பூசைக்கு முன்பே நன்மை வாங்குகிறவர்களைத் தலை எண்ணி, அத்தனை அப்பம் மட்டும் வைக்கிறோம்.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு மண்சரிவில் 70 பேர் இறந்தார்கள். ராஜமலையில் சேர்த்து அடக்கம் நடந்தபோது, "கல்லறைத் தோட்டம் இல்லையே, மந்திரிக்கலாமா" என்ற கேள்வி தோட்டமெங்கும் இருந்தது. மந்திரிக்கலாம். தனிக் கல்லறைத் தோட்டம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு குழியையும் தனித்தனியாக மந்திரிக்கச் சட்டம் 1240 இடம் தருகிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் இதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும். காலம் கடந்தாலும் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, பங்கு அலுவலகம்

எங்கள் பக்கம் தமிழ் பேசும் இலத்தீன் வழிபாட்டு மரபுக் கத்தோலிக்க மக்கள் அதிகம். 2013-இல் சுல்தான்பேட்டை தனி மறைமாவட்டமானது. கல்யாணத்தில் இங்கே தகராறு வருவதெல்லாம் காகிதத்தில். தாத்தா ஊர் திருநெல்வேலிப் பக்கம், குழந்தைக்குத் திருமுழுக்கு அங்கே, எஸ்டேட் மஸ்டரில் (வேலையாள் பதிவேட்டில்) ஒரு பெயர், ஆதாரில் மலையாள எழுத்துக்கூட்டில் இன்னொரு பெயர். இனிஷியல் முன்னால் இருந்தது பின்னால் போயிருக்கும். ஓலை (கோயிலில் கல்யாண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்பே இவற்றை ஒத்துப் பாருங்கள், வாசித்த பிறகு திருத்தப் போனால் தேதி தள்ளும்.

பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய திருமுழுக்குச் சான்றிதழ் உதவாது, ஆறு மாதத்துக்குள் வாங்கியது வேண்டும். ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அதைத் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துவைப்பார்கள். புதுச் சான்றிதழில்தான் அந்தக் குறிப்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். ஆகவே நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு பூர்வீகப் பங்குக்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.

பக்கத்தில் இருக்கிறது என்று வருஷக்கணக்கில் சீரோ மலபார் (கேரளத்துக் கிழக்கு மரபுக் கத்தோலிக்க) கோயிலுக்குப் போனாலும் இலத்தீன்காரர் இலத்தீன்காரர்தான், ரீத்து (வழிபாட்டு மரபு) தானாக மாறாது. மாப்பிள்ளை, பெண் இருவரில் ஒருவர் இலத்தீன், மற்றவர் சீரோ மலபார் என்றால், திருத்தொண்டர் (குருவுக்குக் கீழ்நிலையில் திருநிலை பெற்றவர்) நடத்தும் திருமணம் செல்லாது. 2016-இல் சட்டம் 1108-இல் இது சேர்க்கப்பட்டது. குருவேதான் நின்று நடத்த வேண்டும். உங்கள் பங்கில் பயிற்சிக்கு ஒரு திருத்தொண்டர் இருந்தால், பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன் யார் நடத்துகிறார் என்பதை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.