முதல் பிசி: எந்தப் பார்ட் உங்களைக் கவிழ்த்தது?

மதுரை_5600

பி450 மதர்போர்டு, ரைசன் 5 5600 பிராசசர். இதைப் படித்ததுமே பாதிப் பேருக்குக் கதை புரிந்திருக்கும்.

ராத்திரி பத்து மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார், அவர் பணம்தானே. பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றுகிறது, ரேம் கலர் கலராக மின்னுகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. போர்டில் சிபியு என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சிவப்பு லைட் அணையாமல் எரிகிறது.

"என்னடா, ஓடுதா?"

"கேபிள் சரியில்லப்பா." வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

பி450 வந்தது 2018இல். 5600 வந்தது 2022இல். சாக்கெட் அதே ஏஎம்4தான், பிராசசர் அழகாக உட்காரும். ஆனால் போர்டின் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டுக்குள்ளிருக்கும் மென்பொருள், பழசாக இருந்தால் இப்படி ஒரு பிராசசர் பிறந்ததே அதற்குத் தெரியாது. மறுநாள் காலை போர்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். அவர்கள் ஒரு பழைய 2200ஜி பிராசசரை மாட்டி, பென் டிரைவில் பயாஸை ஏற்றி, பத்து நிமிஷத்தில் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து திரும்ப எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா வேலை முடிந்து வருகிறார். கையில் புது எச்டிஎம்ஐ கேபிள், 450 ரூபாய்.

என்ன செய்வது? அதையே மாட்டினேன். படம் வந்தது. "பாத்தியா?" என்றார்.

இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டில் யாருடைய கம்ப்யூட்டர் படுத்தாலும் "மொதல்ல கேபிள மாத்திப் பாருங்க, எங்க வீட்லயே நடந்துச்சு" என்கிறார். பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

ரிச்சி_வெயில்

கேபினெட் விவரத்தில் கிராஃபிக்ஸ் கார்டு 330 மில்லிமீட்டர் வரை என்று போட்டிருந்தது. என் கார்டு 320. கணக்குச் சரிதானே? முன்பக்கம் ஃபேன் மாட்டினால் 25 மில்லிமீட்டர் அதற்குப் போய்விடும் என்பதை யாரும் சொல்லவில்லை. மிச்சம் 305.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து மே மாத வெயிலில் பஸ்ஸில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்த கார்டு அது, திருப்பிக் கொண்டுபோக மனசு வரவில்லை. முன் ஃபேன்களைக் கழற்றி வெளிப்பக்கமாக, கேபினெட் தகட்டுக்கும் முன்மூடிக்கும் நடுவில் மாட்டலாம் என்று மாமா சொன்னார். மாட்டினோம். ஃபேன் உள்ளே போனது, மூடி மூடவில்லை. இரண்டு வருஷமாக என் கேபினெட்டுக்கு முகம் கிடையாது. பல்லி உள்ளே போய்விடுமோ என்று அம்மா தினமும் ராத்திரி ஒரு துண்டைப் போட்டு மூடுவார். நான் கேம் ஆடிக்கொண்டிருக்கும்போதும்.

எஸ்எம்பிஎஸ்_அண்ணாச்சி

தம்பி மதுரை, தப்பு போர்டு மேல் இல்லை. ரைசன் 5000க்குத் தயார் என்று பெட்டி மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி வந்த போர்டுகள் இருந்தன. பார்த்து வாங்கியிருக்க வேண்டும். பிராசசரே இல்லாமல் பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டுகளும் உண்டு. பென் டிரைவை ஃபேட்32ஆக ஃபார்மட் பண்ணி, ஃபைலுக்கு அவர்கள் சொன்ன பெயரை வைத்து, அதற்கென்று குறித்த ஓட்டையில் சொருகி, பவர் மட்டும் கொடுத்தால் போதும். லைட் மின்னி முடிகிற வரைக்கும் கரண்ட் போகக் கூடாது, அவ்வளவுதான். பயாஸ் ஏற்றும்போது மின்சார வாரியத்தை நம்பாதீர்கள், யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள்.

என் கதை சின்னது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்குப் பவர் கொடுக்கும் பெட்டியை, கழற்றிப் புதுசு மாட்டினேன். இரண்டுமே மாடுலர், கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை. கேபிளை எல்லாம் திரும்ப இழுக்கச் சோம்பல், பழைய கேபிளையே புதுசில் சொருகினேன். பொருந்தியது. ஆன் செய்ததும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு வாடை. தங்கச்சி கல்யாண போட்டோ அதில்தான் இருந்தது.

ஆகவே எல்லோருக்கும் சொல்வது: கேபிளின் போர்டுப் பக்க முனைக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தக் கம்பியில் 5 வோல்ட், எதில் 12 வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடலும் மாறும். எஸ்எம்பிஎஸ் மாறினால் கேபிளும் மாற வேண்டும். அடுத்தது, பிராசசருக்குப் போகும் எட்டு முள் கேபிளும் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் எட்டு முள் கேபிளும் ஒன்றல்ல, பிளஸ்ஸும் கிரவுண்டும் எதிர் வரிசையில் இருக்கும். அடுத்தது, கேபினெட்டில் போர்டை உட்கார வைக்கும் பித்தளைக் கால்களை எண்ணுங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றாலும் ஷார்ட். அடுத்தது, 750 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டி 1,200 ரூபாய்க்கு விற்பதை வாங்காதீர்கள். அடுத்தது, கூலருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். அடுத்தது, பிளக். 16 ஆம்பியர் பாயிண்ட் தேடி அலைய வேண்டாம், சாதாரணப் பாயிண்ட் போதும், ஆனால் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுள் என்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது பேய் இல்லை, எர்த் இல்லை.

யாழ்_கீபோர்ட்

நான் 2021 கடைசியில் கொழும்பில் சாமான் வாங்கினேன். பிராசசர் ஐ5-10400எஃப். அந்த 'எஃப்'தான் என் கதை.

எஃப் என்றால் பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் இல்லை. தனிக் கார்ட் இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், எங்கேயோ வாசித்த நினைவு இருந்தது. கடைக்காரர் பில் போடும்போது நிமிர்ந்து, "கார்ட் வீட்டில இருக்குத்தானே தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான் இன்னும் உறுத்துகிறது. அவர் கேட்டார், நான் வாய் திறந்திருந்தால் எஃப் இல்லாத 10400ஐ எடுத்துத் தந்திருப்பார். கொஞ்சக் காசுதான் கூட.

கிரிப்டோ மைனிங்காரர்கள் கார்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. கொஞ்சம் விலை இறங்கட்டும் என்று இருந்தேன். 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360க்குப் போனது. கார்ட் விலையைக் கேட்பதையே விட்டுவிட்டேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை, கார்ட் இருந்திருந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். கடைசியில் ஒரு சிநேகிதன் ஜிடி 710 ஒன்றை இரவல் தந்தான். 19 வாட், தனிப் பவர் வயரே தேவையில்லை. கேமுக்கு அது காணாது. ஆனால் வாங்கி ஏழு மாதம் கழித்து முதன்முதலாகத் திரையில் எழுத்து வந்தபோது நானும் அம்மாவும் பயாஸ் பக்கத்தையே ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தோம். "இதுதான் அந்த விளையாட்டோ?" என்று கேட்டா அம்மா.

மதுரை_5600

@எஸ்எம்பிஎஸ்_அண்ணாச்சி ஸ்டிக்கர் இல்லாத பெட்டியாகத்தான் கடையில் இருந்தது. பட்டன் உள்ள போர்டு இரண்டாயிரம் அதிகம். எந்தப் பார்ட் எதோடு பொருந்தும் என்று காட்டும் பிசிபார்ட்பிக்கர் தளத்தில் பட்டியல் போட்டபோது 'பயாஸ் அப்டேட் தேவைப்படலாம்' என்று குறிப்பு வந்ததும் உண்மைதான். விண்டோஸ் போட்டபின் அப்டேட் செய்யலாம் என்று நினைத்தேன். போன் ஆப் அப்டேட் மாதிரி. அப்டேட் செய்வதற்கே படம் வர வேண்டும் என்று அந்த வயதில் தோன்றவில்லை.

எஸ்எம்பிஎஸ்_அண்ணாச்சி

குறிப்பைப் பார்த்துவிட்டும் வாங்கினீர்கள் என்றால் நான் என்ன சொல்ல.

திருச்சி_அக்கா

அவரை விடுங்கள் அண்ணாச்சி. தெரிந்தும் வாங்கியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறோம்.

12ஆம் தலைமுறை ஐ5, பி660 போர்டு. இந்த வகைப் போர்டுகளில் டிடிஆர்4 ரேம் போடுவது தனி, டிடிஆர்5 போடுவது தனி. மாடல் பெயர் ஒன்றேதான், கடைசியில் டி4 என்று ஒட்டியிருந்தால் டிடிஆர்4. நான் மூன்று வாரம் உட்கார்ந்து தாளில் எழுதிக்கொண்டு போனேன். டி4 என்பதைச் சுழித்தும் வைத்திருந்தேன். துணைக்குத் தம்பி வந்தான், காலேஜ் முதல் வருஷம், அவனுக்கு ரேமுக்கும் ரோமுக்கும் வித்தியாசம் தெரியாது.

கடைக்காரர் என் தாளை வாங்கி அவனிடம் பேசினார். கடைசி வரைக்கும் அவனிடமே பேசினார். "ப்ரோ, இந்த போர்டு ஸ்டாக் இருக்கு, இதேதான்." பெட்டியைப் பார்த்தேன். பெயர் அதே. கடைசியில் டி4 இல்லை. "டி4 இல்லையே" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்றார், தம்பியைப் பார்த்துக்கொண்டே. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. ஆஃபீஸில் பதினாலு பேரை வேலை வாங்குகிறவள் நான்.

வீட்டில் ரேமை வைத்து அழுத்தினேன். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முள், நீளமும் ஒன்று, நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி. "நல்லா அழுத்துக்கா, வீடியோல எல்லாம் அப்படித்தான் டக்குனு சத்தம் வரும்" என்கிறான் தம்பி. வீடியோ சொல்வது சரிதான், ரேமை அழுத்தத்தான் வேண்டும், அதுதான் ஆபத்து. போர்டு வில்லாக வளைகிறது. கையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் தனியாகப் போனேன். தம்பி இல்லாததால் அவர் என்னோடுதான் பேச வேண்டியிருந்தது. மாற்றித் தந்துவிட்டார், பெட்டி பிரித்ததற்கு 500 ரூபாய் பிடித்துக்கொண்டு.

ரிச்சி_வெயில்

அக்கா அந்த 500ஐ ஏன் விட்டீர்கள்? தப்பு அவர் மேல். பில்லில் எந்த மாடல் எழுதியிருந்தது? டி4 என்று எழுதியிருந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்கே

திருச்சி_அக்கா

பில்லில் 'மதர்போர்டு 1' என்று எழுதியிருந்தது.

எஸ்எம்பிஎஸ்_அண்ணாச்சி

இதற்குத்தான் சொல்வது, பில்லில் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் எழுதி வாங்க வேண்டும். வாரண்டிக்கும் அதுதான் கேட்பார்கள். அப்புறம் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது 80 பிளஸ் கோல்டு என்று போட்டிருந்தால் தரமானது என்று நினைக்கிறார்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று மட்டும்தான். ஷார்ட் ஆனால் தானே அணையுமா, வோல்டேஜ் ஏறினால் நிறுத்துமா என்பதை அது பார்ப்பதில்லை. வழக்கமாக ஒட்டிவரும் அந்தச் சான்று 115 வோல்ட்டில் சோதித்துக் கொடுப்பது, நம் வீட்டில் வருவது 230. அதில் கொஞ்சம் கூடுதலாகவே தேறும், அது வேறு. அப்புறம் ரேம் ஒற்றைக் குச்சி 16 ஜிபி வாங்குவதைவிட 8, 8 ஆக இரண்டு வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஓட்டையில்

சிம்லிம்_சுற்றுபவன்

அண்ணாச்சி, மன்னிக்கணும், குறுக்கே வருகிறேன். சிங்கப்பூரில் ரிப்பேர் வேலை செய்கிறேன். உங்கள் ஹார்ட் டிஸ்க் என்ன ஆனது? எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

எஸ்எம்பிஎஸ்_அண்ணாச்சி

என்ன ஆகும். பீரோவில் இருக்கிறது.

ஒரு கடையில் கேட்டேன், டிஸ்க்கோடு ஒட்டியிருக்கும் குட்டிப் போர்டு எரிந்துவிட்டது, அதே மாடல் டிஸ்க்கின் போர்டு கிடைத்தால் மாற்றலாம் என்றார்கள். ஆன்லைனில் தேடி அதே மாடல் பழைய டிஸ்க் ஒன்று வாங்கி அந்தப் போர்டை மாட்டினேன். சுற்றியது. படிக்கவில்லை. டக் டக் என்று சத்தம்.

தங்கச்சி கல்யாணம் 2016. வீடியோக்காரரிடமும் இப்போது இல்லை. ஆல்பத்தில் நாற்பது படம் இருக்கிறது. அப்பா பந்தியில் பரிமாறுகிற படமெல்லாம் டிஸ்க்கில்தான். அப்பா இல்லை இப்போது. தங்கச்சி கேட்கும்போதெல்லாம், தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மதுரை_5600

அண்ணாச்சி...

சிம்லிம்_சுற்றுபவன்

போர்டை அப்படியே மாற்றினால் படிக்காது. போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன சிப் இருக்கும், அந்த டிஸ்க்குக்கென்றே எழுதிய கணக்கெல்லாம் அதற்குள் இருக்கும். பழைய போர்டிலிருந்து அதை எடுத்துப் புதுப் போர்டில் சால்டர் செய்ய வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. பவர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக இரண்டு குட்டி டையோடு இருக்கும், ஒன்று 5 வோல்ட் வழிக்கு, ஒன்று 12க்கு. வோல்டேஜ் தப்பாக வந்தால் அவை தாங்கள் ஷார்ட் ஆகி டிஸ்க்கைக் காப்பாற்றும். மல்டிமீட்டரில் பார்த்தால் தெரியும். ஷார்ட் ஆனதை எடுத்துவிட்டால் சில டிஸ்க் அப்படியே எழுந்துவிடும். எல்லாமே எழும் என்று சொல்ல மாட்டேன். எரிந்த பழைய போர்டு இருக்கிறதா, தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

எஸ்எம்பிஎஸ்_அண்ணாச்சி

போடவில்லை. ஒரு தீப்பெட்டிக் கட்டுக் காகிதத்தில் சுற்றி டிஸ்க்கோடு வைத்திருக்கிறேன்.

சிம்லிம்_சுற்றுபவன்

நல்லது. இனி அந்த டிஸ்க்குக்குப் பவர் கொடுக்காதீர்கள். போர்டை இரண்டு பக்கமும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வெளிச்சத்தில்.

எஸ்எம்பிஎஸ்_அண்ணாச்சி

சரி தம்பி. கடையில் இருக்கிறேன், ஒன்பதரைக்குத்தான் ஷட்டர் இறக்குவேன். வீட்டுக்குப் போனதும் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து எடுக்கிறேன். தூங்கிவிட மாட்டீர்களே, உங்களுக்கு அங்கே இரண்டரை மணி நேரம் கூட.