ஹாமில்டன் பேலஸ்: இல்லாத மாளிகையைத் தேடிப் போகிறவர்களுக்கு

செங்கல்சூளை:
ஸ்காட்லாந்தில் ஹாமில்டன் டியூக்குகளின் குடும்ப மாளிகைதான் ஹாமில்டன் பேலஸ். கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ஹாமில்டன் ஊரில் இறங்கி அதைத் தேடினால் விளையாட்டு மைதானம்தான் கிடைக்கும். 1820களில் 10ஆவது டியூக் எழுப்பிய வடக்கு முகப்பு மட்டுமே 264 அடி நீளம். வாசல் தூண் ஒவ்வொன்றும் 25 அடி உயர ஒற்றைக்கல். 1920களில் இடித்தார்கள். ஒரு எச்சரிக்கை: கூகுளில் தேடினால் இங்கிலாந்தின் சசெக்ஸில் அரைகுறையாக நிற்கும் இன்னொரு ஹாமில்டன் பேலஸ் வந்து நிற்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வரைபடப்பித்து:
மாளிகை நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை) தாளையும் இன்றைய சாட்டிலைட் படத்தையும் அருகருகே திறந்து பாருங்கள். ஆற்றை நம்பாதீர்கள். 1970களில் ஸ்ட்ராத்கிளைட் பூங்காவின் ஏரிக்காக கிளைட் ஆற்றின் போக்கையே மாற்றிவிட்டார்கள். டியூக்கின் கல்லறை மாளிகையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு படத்திலும் அது அசையாது.

நிலக்கரி:
அசையாது என்று சொல்லிவிட முடியாது! சுரங்கம் தோண்டித் தோண்டி அந்தப் பக்கத்து நிலமே இறங்கியிருக்கிறது. இடிப்புக்குச் சொன்ன காரணமும் அதுதான். குடும்பத்துக்குச் சோறு போட்டதும் அதே கரிதான் என்பதை மறக்க வேண்டாம். பராமரிப்புச் செலவும் கழுத்தை நெரித்தது. நிலம் இறங்கினால் கட்டடம் என்ன ஆகும் என்று பார்க்க, அதே டியூக் குடும்பத்தின் ஷாட்டெல்ஹெரோ வேட்டை விடுதிக்குப் போங்கள். கட்டடக்கலைஞர் வில்லியம் ஆடம் கட்டி 1734இல் முடித்தது. 1980களில் பழுதுபார்த்தபோதும் சாய்ந்த தரையை நிமிர்த்தவில்லை. நடக்கும்போது கால் தானாக ஒரு பக்கம் இழுக்கும், தலை லேசாகச் சுற்றும். கல்லறை மாளிகைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே எதிரொலி 15 வினாடி நீளும். அதனாலேயே வழிபாட்டுக்கு லாயக்கில்லாமல் போயிற்று.

ஏலச்சீட்டு:
மாளிகையில் இருந்த பொருள்களைத் தேடுகிறவர்கள், அவற்றை விற்ற 1882 ஏலத்திலிருந்து தொடங்குங்கள்: 17 நாள், 2,213 லாட், வசூல் 3,97,562 பவுண்ட். ஆனால் அருங்காட்சியகக் குறிப்பில் ‘1882’ என்று கண்டதும் அந்தப் பொருள் அதோடு வீட்டை விட்டுப் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ரூபன்ஸ் வரைந்த ‘சிங்கக் குகையில் தானியேல்’ ஓவியத்தை அப்போது விற்று, 1885இல் குடும்பமே திரும்ப வாங்கி, 1919இல் மறுபடி விற்றார்கள். இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. 1919க்குப் பிறகு அறைகளின் மரவேலையையே கழற்றி விற்றதால் அந்தப் பட்டியலையும் தனியாகப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு அறையின் மரப்பலகைகள் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயின.