கலைச்சொல்: 'தொற்றுச் சுவட்டுச் சோதனை' என்று வைக்கலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்காகச் செய்யும் குருதிச் சோதனைக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் கலந்துரையாடலில் வந்த பெயர்களில் 'இரைப்பைக் கிருமிச் சோதனை'க்கே ஆதரவு மிகுதியாக இருக்கிறது. அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே காரைக்குடியிலிருந்து இதை எழுதுகிறேன்.

என் அப்பத்தா வயிற்றுப் புண்ணுக்கு 14 நாள் மருந்தை ஒரு வேளை விடாமல் உட்கொண்டார். வாயெல்லாம் கசந்தது, ஆனாலும் வலி போயிற்று. நான்கு மாதம் கழித்து ஓர் ஆய்வகத்தில் குருதி கொடுத்தபோது அறிக்கையில் 'கிருமி: உள்ளது' என்று அச்சாகி வந்தது. அன்றிரவு அவர் சாப்பிடவே இல்லை. மாத்திரைகளை மறுபடி தொடங்குமுன் மதுரை மருத்துவர் ஒருவர் மூச்சுச் சோதனை செய்யச் சொன்னார். கிருமி இல்லை!

குருதிச் சோதனையில் பிழையில்லை, அதற்குச் சூட்டிய சொல்லில்தான் பிழை. அது கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை, பெரும்பாலும் ஐஜிஜி (IgG) எனப்படும் வகையை, ஊநீரில் (குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) தேடுகிறது. கிருமி அழிந்த பிறகும் அந்த எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். மருந்து பலித்ததா என்று அறிய இச்சோதனை உதவாததற்கு இதுவே காரணம். மூச்சுச் சோதனை வேறு வகை. அடையாளமிட்ட கரிமம் கொண்ட யூரியாவை விழுங்கச் செய்தால், உயிரோடிருக்கும் கிருமி தன் யூரியேஸ் நொதியால் அதைச் சிதைக்கும். அதில் பிறக்கும், அந்த அடையாளம் கொண்ட கரியமில வாயு மூச்சில் வெளிவந்து காட்டிக்கொடுக்கும். மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து, அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வணிகம் செய்ய)ப் போன எங்கள் முன்னோரின் பேரேடுகள் வீட்டு மாடியில் இன்னும் இருக்கின்றன. வரவு ஓரிடம், பற்று ஓரிடம், கடைசியில் இருப்பு. வரவை மட்டும் பார்த்து இருப்பைச் சொல்லும் கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ளமாட்டார். மூச்சுச் சோதனையையும், மலத்தில் கிருமியின் கூறுகளைத் தேடும் சோதனையையும் சேர்த்துத் 'தொற்றிருப்புச் சோதனை' எனலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான்.

குருதிச் சோதனைக்கு முதலில் 'தடயம்' நினைவுக்கு வந்தது. அது குற்றப் புலனாய்வோடு ஒட்டிப்போய்விட்டது. 'சுவடு' பொருந்துகிறது. ஈர மண்ணில் குளம்புச் சுவடு கிடந்தால் மாடு அவ்வழியே வந்தது உறுதி. இன்னும் பக்கத்தில் நிற்கிறதா என்பதை வேறு விதமாகத்தான் பார்க்க வேண்டும். எனவே 'தொற்றுச் சுவட்டுச் சோதனை', பேச்சில் 'சுவட்டுச் சோதனை'.

எதிர்ப்பொருளுக்கு ஈழத்து நண்பர் முன்வைத்த 'பிறபொருளெதிரி' செறிவான சொல். எதை எதிர்க்கிறது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. ஆயினும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு 'எதிர்ப்பொருள்' பழகியிருப்பதால் மேலுள்ள விளக்கத்தில் அதையே வைத்திருக்கிறேன். இரண்டையும் தரலாம் என்றால் மகிழ்ச்சியே.

அறிக்கையில் 'கிருமி உள்ளது' என்பதற்குப் பதில் 'எதிர்ப்பொருள் காணப்பட்டது' என்று எழுத வேண்டும். 'நேர்மறை' (பாசிட்டிவ்) என்றும் வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டு, நல்ல செய்திதானே என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மாற்றாக உங்களிடம் என்ன சொல் இருக்கிறது?