எலும்புகள் கலந்து கிடந்தால் கொள்ளையர் வேலையா?

கொக்குவில் வாசகி:
மத்தியதரைக் கடற்பக்கத்துக் குடைகல்லறைகளின் அகழ்வு வரைபடங்களில், சுவரோரம் எலும்புக் குவியல், நடுவில ஒரு ஆள் மட்டும் முழுசாய்க் கிடக்கிறதைக் கனதரம் காணலாம். கொள்ளையர் கலைச்சதா, சொந்தக்காரர் ஒதுக்கினதா? எப்படிப் பிரிச்சறியிறது? எங்கட யாழ்ப்பாண நிலமும் சுண்ணாம்புக்கல்தானே, இங்க ஏன் குடையேல்லை?

நல்லூர் மண்வெட்டி:
தங்கச்சி, முதல்ல விரல் எலும்பையும் முழங்கால் சில்லையும் தேடுங்கோ. சதை அழிஞ்ச பிறகு அள்ளினால் மண்டையோடும் தொடையெலும்பும்தான் கையில வரும். சின்னதுகள் முதல் கிடத்தின இடத்திலேயே தங்கிவிடும். அப்படியிருந்தால் அது பெரும்பாலும் உறவுகள் ஒதுக்கினது. மைசீனியக் கல்லறையில, அதாவது கிரேக்கத்தின் வெண்கலக் காலத்துக் குடைகல்லறையில, இதுதான் வழமை. வெளியில நீளமான நடைவழி, பிறகு ஒடுங்கின வாசல், உள்ளுக்கு அறை. வாசலைக் கல்லடுக்கி அடைச்சு, நடைவழியை மண்ணால நிரப்பிவிடுவினம். அடுத்த சாவுக்கு அதைத் திரும்பத் தோண்டி, பழசை ஓரம் தள்ளிப் புதுசைக் கிடத்துவினம். நடைவழி மண்ணைக் குறுக்கே வெட்டினால், பழைய நிரப்புமண்ணை அறுத்துக்கொண்டு இறங்கின புதுக்குழியின் கோடு தெரியும். கொள்ளையன் அவ்வளவு மண் அள்ளமாட்டான். அடைப்பின் மேல்மூலையைப் பெயர்த்தோ கூரையைத் துளைச்சோ இறங்குவான். கழுத்து, கைப்பக்கம் கலைஞ்சிருக்கும். சட்டிபானை கிடக்கும், உலோகம் இராது.

சுன்னாகம் கல்வெட்டு:
எருசலேமையும் சேருங்கோ. உரோமர் காலத்துக் குடைகல்லறைகளில சுவருக்குள்ள ஏறத்தாழ 2 மீற்றர் நீளப் பொந்து. அங்க உடலை வைச்சு, சுமார் ஒரு வருசத்தால எலும்பைப் பொறுக்கிக் கல்லுப் பெட்டிக்குள்ள வைப்பினம். பெட்டியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது தொடையெலும்பு. சுட்ட பிறகு எலும்பு பொறுக்கிற எங்கட காடாத்தில நெருப்பு ஒரு நாளில செய்யிறதை அங்க காலம் செய்யுது. ஒண்டு கவனம்: ஒரு பெட்டிக்குள்ள இரண்டு மூன்று பேரும் இருப்பினம். மேல கீறின பெயரை வைச்சு ஆளை எண்ணாதேங்கோ.

நல்லூர் மண்வெட்டி:
இங்க குடையாததுக்கு நிலத்தடி நீரும் ஒரு காரணம் எண்டுதான் நான் சொல்லுவன். சிசிலியின் பாந்தாலிக்காவில 4000 அளவில கல்லறை அறைகள், எல்லாம் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைமுகத்தில, தண்ணி வடிஞ்சுபோகும். மால்ற்றாவின் ஹால் சஃப்லியெனி எண்ட நிலத்தடிக் குடைகல்லறை மூன்று தட்டாக 10 மீற்றருக்கு மேல இறங்குது. சமதரையான யாழ்ப்பாணத்தில அந்த ஆழம் போனால் அது கிணறுதான். 1980இல இங்க ஆனைக்கோட்டையில பழங்காலப் புதைகுழியைத் தோண்டினபோதும் மண்ணில நீட்டிக் கிடத்தின எலும்புக்கூடுதான் வந்தது.

கொக்குவில் வாசகி:
நன்றி அண்ணா. வரைபடத்தில விரல் எலும்பே குறிக்கேல்லை எண்டால்?

சுன்னாகம் கல்வெட்டு:
அகழ்ந்த ஆண்டைப் பாருங்கோ, பிள்ளை. அரிதட்டில அரிக்காத பழைய அகழ்வெண்டால் விரல் எலும்பு மண்ணோட போயிருக்கும். அதை வைச்சு ஒரு முடிவுக்கும் வரேலாது. ஹால் சஃப்லியெனியில முதல் அகழ்ந்த மனுவேல் மக்ரி 1907இல இறந்தார், அவரின் குறிப்புகளும் தொலைஞ்சு போச்சு. அங்க 7000 பேர் எண்டு சொல்லுறது மதிப்பீடு மட்டும்தான்.