புதுப்பிப்பு: விலை ஏறிய காமன் கார்டுகள்

போன பதிவில், மேஜிக் த கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் பழைய காமன் (எளிதில் கிடைக்கும் வகை) கார்டுகளை எடைக்குப் போடாதீர்கள், முதலில் 'ரிஸ்டிக் ஸ்டடி' என்ற கார்டு இருக்கிறதா பாருங்கள் என்று எழுதியிருந்தேன். மறுபதிப்பு வந்தால் விலை விழாதா என்று பலர் கேட்டார்கள்.

விழும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இல்லை. 1993 அரேபியன் நைட்ஸ் தொகுப்பின் காமன் 'ஊப்லியெட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். காமன் மட்டுமே அனுமதிக்கும் பாப்பர் என்ற ஆட்டவகையின் ஆட்டக்காரர்கள்தான் அதைத் தேடினார்கள். 2020இல் டபுள் மாஸ்டர்ஸ் தொகுப்பில் திரும்ப வந்ததும் புதுப் பிரதி மலிவாகவே கிடைத்தது.

ரிஸ்டிக் ஸ்டடி கதை வேறு. 2000இல் ப்ராஃபெஸி தொகுப்பில் வந்த காமன். எதிராளி ஒரு மந்திரம் போடும்போது கூடுதலாக ஒரு மானா (மந்திரம் போடச் செலவிடும் சக்தி) கட்டாவிட்டால், நீங்கள் ஒரு கார்டு எடுக்கலாம். இருவர் ஆட்டத்தில் சுமார்தான். வழக்கமாக நாலு பேர் ஆடும் கமாண்டர் வகையில் எதிரே மூன்று பேர்! "ஒண்ணு கட்டுறியா?" என்று மேசை முழுக்க நச்சரித்துக்கொண்டே இருக்கலாம் (எனக்கு எரிச்சலூட்டும் கார்டு, அது வேறு விஷயம்). 2020இல் ஜம்ப்ஸ்டார்ட் தொகுப்பில் ரேராக (அரிய வகையாக) திரும்பியது. அதற்குப் பிறகும் ஆட்கள் அதைத் தேடுகிறார்கள்.

அப்புறம், பெட்டியைக் கிளறுபவர்களுக்கு: கார்டில் உள்ள தொகுப்புச் சின்னம் கருப்பு என்றால் காமன் என்பது 1998 எக்ஸோடஸ் தொகுப்பிலிருந்துதான். அதற்கு முன் ரேருக்கும் கருப்புதான். 1997 டெம்பெஸ்ட் 'லோட்டஸ் பெட்டல்' காமன்தான், அதையும் தனியே எடுத்து வையுங்கள்.